நோய் உறங்கும் காலம்

நியூ டவுன், கொல்கத்தா
21 ஜனவரி 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மா நலம். ஜெயந்த் நலம். உன் இருமல் விட்டதா? "நானும் நலம்" என்று எழுதினால் பொய்யாகிவிடும். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன்.

சிறையிலிருந்து போன் பேச உனக்குக் கிடைக்கிற சில நிமிடங்களை அம்மாவே பேசித் தீர்த்துவிடுகிறாள். எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. உன் கைக்கு வருவதற்கு முன் இதை அங்கே யாரோ படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும்.

"சாயிக்கு கிட்னியில கொஞ்சம் கோளாறு" என்று அம்மா சொல்லியிருப்பாள். கோளாறு இல்லை அண்ணா, இரண்டுமே போய்விட்டன. நவம்பரிலிருந்து திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். லூபஸ் வந்த புதிதில் நீ வெளியே இருந்தாய். உடம்பைக் காக்க வேண்டியதே உடம்பை எதிரியென்று நினைத்து அடிக்கிற நோய் என்று டாக்டர் சொன்னபோது, "அப்ப யாரைப் போய் அடிக்கிறது?" என்று கேட்டாய். ஆறு வருடத்தில் அது என் மூட்டுகளை அடித்தது, தோலை அடித்தது, கடைசியில் சிறுநீரகத்துக்கு வந்து சேர்ந்தது.

பைபாஸ் சாலையில் இருக்கிற ஆஸ்பத்திரியில் சென்குப்தா என்கிற டாக்டரம்மா பார்க்கிறார். மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்கிறார். ஆனால் அறுவை சிகிச்சை லூபஸைக் குணமாக்காது. லூபஸ் கெடுத்ததைத்தான் மாற்ற முடியும். அதுவும் நோய் தூங்கும்போதுதான் செய்ய வேண்டும். குறைந்தது ஆறு மாதம் ரத்தப் பரிசோதனையில் அது அசையாமல் கிடக்க வேண்டுமாம். விழித்திருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தம் உறையும், புண் ஆறாது, புதிதாக வைத்ததையும் தின்றுவிடும்.

கட்டிய கணவர்தான், ஆனால் ஜெயந்தின் ரத்தப் பிரிவு பொருந்தவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. இறந்தவர்களிடமிருந்து பெறும் பட்டியலில் பெயர் கொடுத்திருக்கிறோம். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

இந்தக் குடியிருப்பில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "வேலூர் போகலையா?" எதிர்வீட்டுப் பெரியம்மா ரீனா மாஷிமா இரண்டு முறை கேட்டுவிட்டார். நான் பிறந்ததே வேலூர் பக்கத்துக் குடியாத்தத்தில் என்றால் நம்ப மாட்டேன் என்கிறார். அந்த ஊரை விட்டு ஏன் இங்கே வந்தாய் என்று கோபம்கூட வருகிறது அவருக்கு.

உன்னிடம் எதையும் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான்.

உன் தங்கை,
சாய்பிரியா


மத்திய சிறை
11 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை சாயிக்கு,

செந்தில்நாதன் எழுதுவது. இருமல் போய்விட்டது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? ஜெயந்தைக் கேட்டதாகச் சொல்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நீ எனக்கு அறிவு இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஜெயந்த் ஆகாது, அம்மா ஆகாது என்று வரிசையாக எழுதிவிட்டு, கேட்பதற்காக எழுதவில்லை என்றால் என்ன அர்த்தம்?

சரி, நீ கேட்க வேண்டாம். நான் கேட்கிறேன். என்னுடையதை எடுத்துக்கொள்வாயா?

எனக்கு ஓ பாசிட்டிவ். உனக்கும் அதுதான். இங்குள்ள டாக்டரிடம் பேசினேன். கூடப் பிறந்தவர் கொடுப்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். கைதி கொடுப்பதென்றால் நீதிமன்ற அனுமதி வேண்டும், கொல்கத்தா வர விடுப்பு வேண்டும், காவலுக்குப் போலீஸ் வேண்டும். வக்கீல் ஸ்ரீனிவாசராகவனுக்குச் சொல்லிவிடு.

நோய் தூங்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னது எனக்குப் புரிகிறது. பட்டறையில் இதைத்தான் தினம் பார்த்தேன். ஷாஃப்ட் வளைந்திருக்கும்போது புது பேரிங் போட்டால் ரெண்டே நாளில் அதையும் சாப்பிட்டுவிடும். முதலில் ஷாஃப்ட்டை நேராக்கு. பேரிங் நான் கொண்டுவருகிறேன்.

மூன்று வருடமாக என்னால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. மறுத்துவிடாதே.

அண்ணன்,
செந்தில்


நியூ டவுன்
7 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணா,

பதில் எழுத இவ்வளவு நாளானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்கார்ந்தாலே அழுகை வந்தது. அம்மா தினமும் விளக்கேற்றும்போது உன் பெயரைச் சொல்லிக் கும்பிடுகிறாள். இப்போது என் பெயரும் உன் பெயரும் சேர்ந்தே வருகின்றன.

எடுத்துக்கொள்கிறேன். எழுதிவிட்டேன், இனி மாற்ற மாட்டேன்.

டயாலிசிஸுக்காகக் கழுத்தில் வைத்திருந்த குழாயில் கிருமி சேர்ந்துவிட்டது. காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிறகு இடது மணிக்கட்டில் சின்ன அறுவை சிகிச்சை. சிரையையும் தமனியையும் இணைத்துத் தைத்துவிடுகிறார்கள். டயாலிசிஸ் ஊசியை அங்கேதான் குத்த வேண்டும். எனக்கு அறுப்பதென்றால் மற்றவர்களுக்குப் போல் இல்லை. ஸ்டீராய்டு வருடக்கணக்காகச் சாப்பிடுவதால் அதற்கு முன் தனி ஊசி, ரத்தம் உறையாமல் இருக்க இன்னொன்று, அதை எப்போது நிறுத்துவது என்று இரண்டு டாக்டர்களுக்கிடையே என் படுக்கைக்கு முன்னாலேயே வாக்குவாதம். தையல் ஆற மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நாளானது.

நல்ல செய்தி ஒன்று. ஜனவரியிலிருந்து நோய் அசையவில்லை. மூன்று மாதம் ஆகிவிட்டது. டாக்டரம்மா விரலை மடக்கி எண்ணிக் காட்டினார்.

வக்கீல் மனு போட்டுவிட்டார். சொல்லாமல் இருக்க முடியாது, சொல்லிவிடுகிறேன்: ராம்கி அண்ணன் மனைவி மீனாக்ஷி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறார்.

நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

சாய்பிரியா


மத்திய சிறை
12 மே 2024

அன்புத் தங்கைக்கு,

கை ஆறிவிட்டதா? இங்கே வெயில் கொளுத்துகிறது. மற்றபடி குறை இல்லை.

மீனாக்ஷி ஆட்சேபித்தது சரிதான். நான் அவள் இடத்தில் இருந்தால் அதைத்தான் செய்வேன்.

நீ அப்போது கொல்கத்தாவில் இருந்தாய், வக்கீல் சொன்னதுதான் உனக்குத் தெரியும். நான் சொல்கிறேன். ஆயுத பூஜை முடிந்து பட்டறையில் நானும் ராம்கியும் குடித்தோம். பதினொரு வருடக் கூட்டாளி. புது இயந்திரத்துக்குப் பொட்டு யார் வைப்பது என்று ஆரம்பித்தது பேச்சு. சிரிப்பாகத்தான் ஆரம்பித்தது. அவன் நம் அப்பாவைப் பற்றி ஏதோ சொன்னான். பரணுக்கு ஏறுகிற இரும்புப் படியில் நின்றிருந்தான். தள்ளினேன். லேத் மேல் விழுந்தான், எழவில்லை. சட்டம் அதற்கு ஏழு வருடம் போட்டது. மீனாக்ஷிக்கு எத்தனை வருடம் என்று யாரும் போடவில்லை.

அவளிடம் யாரும் போகக் கூடாது. நீயும் கூடாது, அம்மாவும் கூடாது. கெஞ்சக் கூடாது. இதை மட்டும் எனக்காகக் கேள். நீதிமன்றம் கொடுத்தால் வருகிறேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு.

செந்தில்


நியூ டவுன்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

இங்கே மழை விடவே இல்லை. தெருவில் தண்ணீர் நின்றால் பேட்டரி ரிக்‌ஷா டோட்டோகூட வராது. ஜெயந்த் என்னைக் கைத்தாங்கலாகப் பெரிய சாலைவரை நடத்திக் கூட்டிப்போய் வண்டி ஏற்றுகிறார். டயாலிசிஸ் ஒரு நாள் தவறினால் மூச்சு முட்டும். நீ நன்றாகச் சாப்பிடுகிறாயா?

உத்தரவு வந்துவிட்டது!

அக்டோபர் பதினான்கு முதல் முப்பது நாள். இரண்டு போலீஸ்காரர்கள் கூட வருவார்கள். பகலில் ஆஸ்பத்திரியிலோ எங்கள் வீட்டிலோ இருக்கலாம், இரவில் பக்கத்துக் காவல் நிலையத்தில். அங்கே எடுத்து அனுப்பிய உன் ரத்தம் எனக்குப் பொருந்துகிறது. ஆஸ்பத்திரி அனுமதிக் குழு கடைசியாக உன்னை நேரில் பார்க்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு அக்டோபர் இருபத்து மூன்று என்று குறித்திருக்கிறார்கள்.

ஜூலையோடு ஆறு மாதம் முடிந்துவிட்டது. அப்போதே நீ வந்திருந்தால் அப்போதே செய்திருப்பார்கள். நீதிமன்ற விடுமுறை, பிறகு காவலுக்கு ஆள் இல்லை. பரவாயில்லை. இன்னும் இரண்டு மாதம் தூங்கட்டும்.

மீனாக்ஷி ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

நீ வருகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். மூன்றரை வருடம் ஆகிறது உன்னைப் பார்த்து. இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ரயில் ஏற முடியாமல், போனில் உன் குரலை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தவள். "என்ன பண்ணி வைக்கட்டும் அவனுக்கு?" என்று இப்போதே கேட்கிறாள்.

சாய்பிரியா


மத்திய சிறை
22 செப்டம்பர் 2024

அன்பு சாயிக்கு,

எல்லோரும் நலம்தானே? நான் நலம். இந்த முறை உண்மையாகவே.

பீடியை விட்டு ஏழு மாதம் ஆகிறது. தினமும் மைதானத்தைப் பத்துச் சுற்று நடக்கிறேன். கூட இருக்கிற இஸ்மாயில் பாய் அவர் பங்குக்கு வருகிற முட்டையை என் தட்டில் வைக்கிறார். "உனக்கு இல்ல செந்திலு, தங்கச்சி கிட்னிக்கு" என்கிறார். உள்ளே ஒரு மரியாதையே வந்துவிட்டது எனக்கு. கடிதங்களைப் படிக்கிற ஐயாகூடக் கேட்டார், "தேதி குறிச்சாச்சா?" என்று.

மீனாக்ஷி ஏன் மனது மாறினாள்? அதைப் பற்றி நீ ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை. அவளிடம் யாரும் போகவில்லையே? பதில் எழுது.

அம்மாவிடம் வத்தக்குழம்பு மட்டும் போதும் என்று சொல்.

செந்தில்


மத்திய சிறை
24 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உனக்கு இப்போது எப்படி இருக்கிறது? மூச்சிரைப்பு குறைந்ததா? அம்மா சாப்பிடுகிறாளா?

சொல்ல மறந்தேன். அங்கே வரும்போது காட்பாடியில் ஏறின ரயில் முழுக்க வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்து ஊர் திரும்புகிற வங்காளிகள். போலீஸ்காரர்கள் சாதாரண உடையில் இருந்தார்கள், அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. எதிர் இருக்கைப் பெரியவர் எனக்கு என்ன வியாதி என்று இந்தியில் கேட்டார். எனக்கு ஒன்றும் இல்லை, தங்கைக்குக் கிட்னி கொடுக்கப் போகிறேன் என்றேன். எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார். ஹவுராவில் இறங்கும்வரை அவர் வீட்டம்மாள் ஏதாவது தின்னக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் யார் என்று தெரிந்தால் கொடுத்திருப்பாளா என்று நினைத்துக்கொண்டே தின்றேன்.

நான் அங்கே வந்த நாலாவது நாள் டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பிளேட்லெட் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது, நோய் விழித்துக்கொண்டது, இப்போது முடியாது. இவ்வளவுதான். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு, "என்னோடதை எடுத்து ஐஸ்ல வெச்சிட்டு, இவளுக்குச் சரியானதும் வைக்க முடியாதா?" என்று கேட்டேன். நீ அதை மொழிபெயர்க்கவே இல்லை. ஆனால் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வந்த வேலை இல்லை என்றானதும் என்னை அன்றைக்கே திருப்பி அழைத்துப்போயிருக்க வேண்டும். ஏட்டு முத்துகிருஷ்ணன் நல்ல மனிதர். "ஆர்டர்ல முப்பது நாள்னுதான் போட்டிருக்கு. நான் டாக்டர் இல்ல, ஆர்டரைத்தான் படிப்பேன்" என்றார். அம்மா வத்தக்குழம்பு ஊற்றியதால் சொன்னார் என்று ஜெயந்த் கிண்டல் செய்தார்.

ஆக, முழு உடம்போடு வந்தேன். முழு உடம்போடு திரும்பிவிட்டேன். இஸ்மாயில் பாய் என் சட்டையைத் தூக்கித் தழும்பைத் தேடினார்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். "வாயில் இந்தப் புண் எத்தனை நாளாக இருக்கிறது?" என்று டாக்டரம்மா கேட்டபோது, இரண்டு நாள் என்றாய். சொல்லிவிட்டு ஜெயந்தைப் பார்த்தாய். அவர் தரையைப் பார்த்தார். ஏன்?

செந்தில்


நியூ டவுன்
15 டிசம்பர் 2024

அண்ணா,

நலம் விசாரிக்கும் தைரியம் இன்றைக்கு இல்லை.

இரண்டு நாள் இல்லை. பன்னிரண்டு நாள்.

அக்டோபர் ஆறாம் தேதி, மகாளயம் கழிந்த ஞாயிறு, காலையில் விரல்களை மடக்க முடியவில்லை. வாயில் புண். இரண்டு நாளில் கன்னத்தில் சிவப்பு. ஏழு வருடமாக இதோடு குடித்தனம் நடத்துகிறேன், அது எழுந்திருக்கிற சத்தம் எனக்குத் தெரியாதா? துர்கா பூஜை நாட்கள். கீழே பந்தலில் மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டரம்மா விடுமுறையில் இருந்தார். ஆனாலும் போன் செய்திருக்கலாம். ஜெயந்த் போனைக் கையில் எடுத்தார். நான்தான் பிடுங்கினேன்.

போன் செய்திருந்தால் உன் விடுப்பு ரத்தாகியிருக்கும். அம்மா அப்போது அடுப்படியில் வற்றலைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தாள். நீ படுக்க வழியில்லை என்று தெரிந்தும் உனக்காக ஒரு தலையணை வாங்கி வைத்திருந்தாள். என்னால் சொல்ல முடியவில்லை. தூங்கிவிடும், திரும்பத் தூங்கிவிடும் என்று என்னிடமிருந்த ஸ்டீராய்டை நானே கூட்டிச் சாப்பிட்டேன். அது தவறு, ஆபத்து என்று தெரிந்தேதான் செய்தேன். அதற்கும் அடங்கவில்லை.

அம்மா உன்னை முப்பது நாள் பார்த்தாள். அதற்கு விலை, அறுவை சிகிச்சைக்கென்று கிடைத்த உன் விடுப்பு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மீனாக்ஷிக்கு ஜூன் மாதம் நான் கடிதம் எழுதினேன். நீ கூடாது என்று சொன்ன பிறகுதான் எழுதினேன். கெஞ்சவில்லை என்று சொல்ல மாட்டேன். அவர் பதில் என்னிடம் இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்:

"உங்கள் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் வீட்டில் ஒரு உயிர் போனது போதும். அவர் உடம்பிலிருந்து ஒரு உயிர் பிழைக்குமென்றால் அதை நான் தடுத்தேன் என்று இருக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்காக மட்டும் சம்மதிக்கிறேன். மீனாக்ஷி."

என்னைத் திட்டி எழுது.

சாயி


நியூ டவுன்
26 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. போனிலும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன்.

இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டது. ஊசி குத்தி எடுத்தார்கள். இடது கையில் வைத்த இணைப்பு போன வாரம் உறைந்துவிட்டது. திறந்து உறைந்ததை எடுக்க முயன்றார்கள், முடியவில்லை. மறுபடியும் கழுத்தில் குழாய். நோய் அடங்கப் பெரிய மருந்து ஏற்றுகிறார்கள்.

இரக்கப்பட்டு எழுத வேண்டாம். எழுது, அவ்வளவுதான்.

சாயி


மத்திய சிறை
2 மார்ச் 2025

சாயிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இதய நீர் வற்றிவிட்டது என்றாள்.

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு கணத்தில் கையை நீட்டித் தள்ளினவன் நான். நீ அம்மாவுக்காகச் செய்தாய். அது எனக்குத் தெரியும்.

ஆனால் மீனாக்ஷி எழுதியதைப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. அவள் சம்மதம் கொடுத்தது அறுவை சிகிச்சைக்கு. நாம் அதில் அம்மா கையால் சாப்பிட்டோம். நான் பால்கனியில் உட்கார்ந்து வெயில் காய்ந்தேன். டாக்குரியா ஏரிக்குக்கூடப் போய்வந்தோம், ஏட்டு ஐயா படம் எடுத்தார், எல்லோரும் சிரித்தோம். ராம்கி வீட்டில் அந்த நாட்களில் என்ன நடந்திருக்கும்?

எனக்குத் தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன் என்று எழுத நினைக்கிறேன். எழுத முடியவில்லை. வந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. இரண்டு மாதமாக அதுதான் என்னை எழுத விடாமல் செய்தது.

மீனாக்ஷியிடம் உண்மையைச் சொல்லிவிடு. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள். மறுபடி மனு போடுவதைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.

நான் நடப்பதை நிறுத்தவில்லை. பீடியும் தொடவில்லை.

அண்ணன்


நியூ டவுன்
18 மே 2025

அன்புள்ள அண்ணா,

அம்மா நலம். ஜெயந்த் நலம். காலபைசாகிப் புயல் நேற்று மாலை வந்து போனது, இன்றைக்குக் கொஞ்சம் குளிர்ச்சி. உனக்கு அங்கே வெயில் தாங்க முடிகிறதா?

மீனாக்ஷியிடம் பேசிவிட்டேன். கடிதம் எழுதலாம் என்றுதான் இருந்தேன். எழுதினால் என் பக்கத்து நியாயத்தை அழகாக எழுதிவிடுவேன் என்று பயமாக இருந்தது. வக்கீலிடம் எண் வாங்கிப் போன் செய்தேன். அறுவை சிகிச்சை நடக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஏன் என்பது தெரியாது. எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில்தான் கேட்டார்.

"அப்ப தெரிஞ்சேதான் வரவெச்சீங்க?"

"ஆமாங்க."

"உங்கம்மா அவரைப் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"கையால சோறு போட்டாங்களா?"

"போட்டாங்க."

பிறகு சொன்னார்: "நான் திட்டப் போறதில்ல. உங்க உடம்பு எப்படியிருக்குன்னு கேக்கணும்னுகூடத் தோணுது. ஆனா மறுபடி என்கிட்ட வராதீங்க. அந்தக் கையெழுத்தைப் போட நான் எவ்வளவு நாள் என்னோட சண்டை போட்டேன்னு உங்களுக்குத் தெரியாது. ஒரு தடவைதான் என்னால முடிஞ்சது. இன்னொரு தடவை என்கிட்ட இல்ல."

சரிங்க என்றேன்.

வக்கீல் அவர் சம்மதம் இல்லாமலே மனு போடலாம் என்கிறார். போன முறை விடுப்பு வாங்கி அறுவை சிகிச்சை நடக்காததால் இந்த முறை நீதிமன்றம் ஆயிரம் கேள்வி கேட்கும் என்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீயும் அதைத்தான் சொல்வாய் என்று நினைத்தேன். தப்பாக இருந்தால் எழுது. ஜெயந்துக்குக் கோபம். "உனக்கு வாழணும்னு இருக்கா இல்லையா?" என்று மறுநாள் கேட்டார். இருக்கிறது, அண்ணா. அதை யாரிடம் போய்ச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

நோய் பிப்ரவரி கடைசியிலிருந்து மறுபடி தூங்குகிறது. ஆகஸ்டில் ஆறு மாதம் ஆகும். டாக்டரம்மா விரலை மடக்கவில்லை இந்த முறை. பட்டியலில் என் பெயர் இன்னும் கீழேதான் இருக்கிறது. நோய் தூங்கும்போது உறுப்பு கிடைக்க வேண்டும், கிடைக்கும்போது நோய் தூங்க வேண்டும். இரண்டையும் என்னால் நடத்த முடியாது. மாத்திரையை விழுங்கலாம், வெள்ளிக்கிழமை போய்ப் படுக்கலாம்.

கழுத்துக் குழாயை இனியும் வைத்திருக்கக் கூடாதாம். இடது கையில் நல்ல நாளம் எதுவும் மிச்சமில்லை. அதனால் நாளை வலது கையில் அறுத்து இணைக்கப் போகிறார்கள். எனக்கு ஆறுவதற்கு நாளாகும் என்று உனக்குத்தான் தெரியுமே. ஒன்றிரண்டு மாதம் அந்தக் கையால் எழுத முடியாது. ஜெயந்திடம் சொல்லி எழுதச் சொல்லலாம். ஆனால் உனக்கு எழுதுகிற மாதிரி அவரிடம் சொல்ல வராது.

அதனால் இப்போதைக்கு என்னிடமிருந்து கடிதம் இல்லையென்றால் எதையாவது நினைத்துப் பயந்துவிடாதே. கோபம் என்றும் நினைக்காதே. கை ஆறவில்லை, அவ்வளவுதான்.

நீ எழுது. படிக்கக் கை வேண்டியதில்லை.

தங்கை,
சாய்பிரியா